யாக்கோபின் மகனா, ஏலியின் மகனா? யோசேப்பின் இரண்டு வம்ச வரலாறுகள்

மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம், "யாக்கோபு மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான்" என்கிறது. லூக்காவின் மூன்றாம் அதிகாரமோ, "அந்த யோசேப்பு ஏலியின் குமாரன்" என்கிறது. ஒருவருக்கு இரண்டு தகப்பன்மார் எப்படி இருக்க முடியும், இவற்றில் ஒன்று மரியாளின் வம்சம் என்று பலரும் சொல்வது சரிதானா என்பதே கேள்வி. பல ஆண்டுகளாக வேதபாட வகுப்புகளில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டு வருகிறேன். கேட்பவர்களில் சிலர் குறைகாணக் கேட்கிறார்கள். பெரும்பாலோர் உண்மையாகவே கலங்கிப்போய்க் கேட்கிறார்கள். அவர்களிடம் அவசரமாக ஒரு சமாதானத்தைச் சொல்லி அனுப்பிவிடுவது சரியல்ல என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மத்தேயு ஆபிரகாமில் தொடங்கி இயேசுவை நோக்கி இறங்கி வருகிறார். லூக்கா இயேசுவில் தொடங்கி ஆதாமை நோக்கி ஏறிச் செல்கிறார். ஆபிரகாம் முதல் தாவீது வரை இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே நடக்கிறார்கள். தாவீதில் வழி பிரிகிறது: மத்தேயு அரசனான சாலொமோன் வழியாகவும், லூக்கா தாவீதின் இன்னொரு மகனான நாத்தான் வழியாகவும் போகிறார்கள். பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் சலாத்தியேல், சொரொபாபேல் என்ற இரண்டு பெயர்களில் மட்டும் இரு வழிகளும் சந்திக்கின்றன. பிறகு மறுபடியும் பிரிந்து, யோசேப்பில்தான் வந்து சேருகின்றன. தாவீதுக்குப் பின் இயேசு வரை மத்தேயு 27 பெயர்களையும் லூக்கா 42 பெயர்களையும் தருகிறார்கள். தாவீதுக்கும் இயேசுவுக்கும் இடையில் ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், மத்தேயுவின் கணக்கில் ஒரு தலைமுறைக்குச் சராசரி 37 ஆண்டுகளும், லூக்காவின் கணக்கில் 24 ஆண்டுகளும் வருகின்றன. ஆகவே யோசேப்பின் தகப்பன் பெயர் ஒன்றில் மட்டும் சிக்கல் இருப்பதாக நினைத்து, அந்த ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்கப் பார்ப்பது போதாது.

மத்தேயு சில தலைமுறைகளை விட்டுவிட்டே எழுதியிருக்கிறார் என்பதைப் பழைய ஏற்பாட்டைத் திறந்து யாரும் சரிபார்க்கலாம். "யோராம் உசியாவைப் பெற்றான்" என்று அவர் எழுதுகிறார். ஆனால் 1 நாளாகமம் 3-ஆம் அதிகாரத்தின்படி யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்கள் இருக்கிறார்கள். யோசியாவுக்கும் எகோனியாவுக்கும் இடையில் வரவேண்டிய யோயாக்கீமும் இல்லை. ஆலயத்திலும் ஜெபக்கூடத்திலும் அரசர்களின் வரலாறு வாசிக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு எழுதியவர், எல்லோருக்கும் தெரிந்த நான்கு அரசர்களை மறதியால் விட்டிருப்பார் என்று கருத இடமில்லை. மூன்று பகுதிகள், பகுதிக்குப் பதினான்கு தலைமுறைகள் என்ற அமைப்பு அவருக்கு வேண்டியிருந்தது. எபிரெயத்தில் எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் மூன்று எழுத்துகளையும் கூட்டினால் 4, 6, 4 என்று பதினான்கு வரும். இதுவே காரணம் என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. கடைசிப் பகுதியில் சலாத்தியேல் முதல் இயேசு வரை எண்ணினால் பதின்மூன்று பெயர்கள்தான் கிடைக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. தாவீதை இரண்டு பகுதிகளிலும் சேர்த்து எண்ணினால் கணக்கு நேராகிறது, ஆனால் மத்தேயு அப்படித்தான் எண்ணினார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இப்படி விட்டு எழுதுவது மத்தேயு தாமே கண்டுபிடித்த வழக்கமும் அல்ல. எஸ்றா 7-ஆம் அதிகாரத்தில் வேதபாரகனாகிய எஸ்றாவின் ஆசாரிய வம்சம் சொல்லப்படுகிறது. அதை 1 நாளாகமம் 6-ஆம் அதிகாரத்தோடு ஒப்பிட்டால், மெராயோத்துக்கும் அசரியாவுக்கும் இடையில் ஆறு பெயர்கள் விடப்பட்டிருப்பது தெரியும். அதே எஸ்றாவின் புத்தகத்தில், வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைக் காட்ட முடியாதவர்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள் என்றும் வாசிக்கிறோம். அந்த அளவுக்கு வம்சத்தைக் கண்டிப்பாகப் பார்த்த சமூகத்தில், ஆறு பெயர்களை விட்டு எழுதிய பட்டியலை யாரும் பொய்ப் பட்டியல் என்று சொல்லவில்லை. இன்னார் இன்னாருடைய வழியில் வந்தவர் என்று நிறுவுவதே பட்டியலின் வேலை. எத்தனை படி இறங்கி வந்தார் என்பது அதன் வேலை அல்ல.

பென்யமீனின் பிள்ளைகளைப் பாருங்கள். ஆதியாகமம் 46-இல் பத்துப் பேர். எண்ணாகமம் 26-இல் ஐந்து பேர். 1 நாளாகமம் 7-இல் மூன்று பேர். அடுத்த அதிகாரத்திலேயே மீண்டும் ஐந்து பேர், அவர்களிலும் சில பெயர்கள் வேறு. ஆதியாகமத்தில் பென்யமீனின் குமாரனாக எண்ணப்படும் நாகமான், எண்ணாகமத்தில் பேலாவின் குமாரனாக, அதாவது பென்யமீனின் பேரனாக வருகிறார். குடிமதிப்பு எடுக்கும்போது எந்தெந்தக் குடும்பங்கள் தனி வம்சங்களாக நின்றன என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறுகிறது. மகன், பேரன், வம்சத்தான் என்ற மூன்றையும் எபிரெயர் ஒரே சொல்லால் குறித்ததால் இது இயல்பாகவே நடந்தது. தமிழில் எல்லா இடத்திலும் "குமாரன்" என்றே மொழிபெயர்க்கப்பட்டிருப்பதால், இன்றைய பிறப்புச் சான்றிதழில் வரும் பொருளை நாம் அதில் ஏற்றி வாசித்துவிடுகிறோம்.

இனி, பெற்றவனும் தகப்பனும் வேறு வேறாக இருக்கக்கூடிய நிலைக்கு வருகிறேன். உபாகமம் 25, பிள்ளையில்லாமல் இறந்தவனுடைய மனைவியை அவனுடைய சகோதரன் மணந்து, பிறக்கும் தலைப்பிள்ளையை இறந்தவனுடைய பேரில் நிறுத்த வேண்டும் என்று கட்டளையிடுகிறது. சதுசேயர்கள் இயேசுவிடம் ஏழு சகோதரரைப் பற்றிக் கேட்ட கேள்வியும் இந்தச் சட்டத்தை வைத்தே எழுந்தது. இதன்படி பிறந்த பிள்ளைக்கு இரத்தவழித் தகப்பன் ஒருவர், சட்டவழித் தகப்பன் இன்னொருவர்.

இதற்கு ரூத்தின் கடைசி அதிகாரத்தைவிட நல்ல சாட்சி இல்லை. ரூத்தின் முதல் கணவன் மக்லோன் பிள்ளையில்லாமல் இறந்துபோகிறான். இறந்தவனுடைய பேரைச் சுதந்தரத்தில் நிலைநிறுத்துவதற்காகவே ரூத்தை மனைவியாகக் கொள்கிறேன் என்று போவாஸ் ஊர்வாசலில் மூப்பர்களுக்கு முன் சொல்கிறான். பிள்ளை பிறந்ததும், அயல்வீட்டுப் பெண்கள் "நகோமிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது" என்கிறார்கள். நகோமி அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அல்ல, மக்லோனின் தாய். நான்கு வசனங்கள் தள்ளி, அதே அதிகாரத்தின் முடிவில் வரும் வம்சப் பட்டியல் "போவாஸ் ஓபேதைப் பெற்றான்" என்கிறது. ஒரே குழந்தை சுதந்தரத்துக்கு மக்லோனின் பேரைத் தாங்குகிறது, பெண்களின் வாயில் நகோமியின் பிள்ளை ஆகிறது, பட்டியலில் போவாஸின் மகனாக நிற்கிறது. எழுதியவருக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை. அதே நேரத்தில், இங்கே பட்டியல் மக்லோனை அல்ல, போவாஸையே பின்பற்றியது என்பதையும் கவனிக்க வேண்டும். கொழுந்தன் கடமையால் பிறந்த பிள்ளை எப்போதும் இறந்தவனுடைய வரிசையில்தான் எழுதப்படும் என்று விதி வகுக்க முடியாது. இரண்டு விதமாகவும் எழுத இடம் இருந்தது.

ஆண்பிள்ளை இல்லாத வீடுகளுக்கு வேறு வழிகளும் இருந்தன. சேசானுக்குக் குமாரத்திகள் மட்டுமே இருந்ததால், தன் எகிப்திய வேலைக்காரனுக்கு மகளைக் கொடுத்ததையும், அவர்களுடைய சந்ததி சேசானின் வரிசையிலேயே எழுதப்பட்டதையும் 1 நாளாகமம் 2-இல் காண்கிறோம். பர்சிலாயின் குமாரத்திகளில் ஒருத்தியை மணந்த ஓர் ஆசாரியன் மாமனாருடைய பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டதை எஸ்றா 2 சொல்கிறது.

இவற்றை மனதில் கொண்டு, இரு பட்டியல்களும் சந்திக்கும் சலாத்தியேலிடம் வாருங்கள். என் கருத்தில் முழுக் கேள்வியின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. ஆனால் யாக்கோபு, ஏலி என்ற பெயர்களையே பார்த்துக்கொண்டிருப்பதால் இதை நாம் கடந்துபோய்விடுகிறோம். சலாத்தியேலின் தகப்பன் மத்தேயுவில் எகோனியா, லூக்காவில் நேரி. சொரொபாபேலின் தகப்பன் இரு சுவிசேஷங்களிலும் சலாத்தியேல். ஆகாய் தீர்க்கதரிசியும் அப்படியே சொல்கிறார். ஆனால் 1 நாளாகமம் 3:19 அவரைப் பெதாயாவின் குமாரர் வரிசையில் எழுதுகிறது. (ஆகாயில் செருபாபேல் என்றும் சுவிசேஷங்களில் சொரொபாபேல் என்றும் வருபவர் ஒருவரே. முன்னது எபிரெய உச்சரிப்பைத் தழுவியது, பின்னது கிரேக்கத்தைத் தழுவியது.) ஒரு மனிதருக்கு இரண்டு தகப்பன் பெயர்கள் என்பது புதிய ஏற்பாட்டில் தொடங்கிய சிக்கல் அல்ல, எபிரெய வேதத்துக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் இதே குடும்பத்தில் இருக்கிறது.

எகோனியாவைப் பற்றி எரேமியா 22 கடுமையாகப் பேசுகிறது. அவன் கர்த்தருடைய வலதுகை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறியப்படுவான். "சந்தானமற்றவன்" என்று அவனைக் குறித்து எழுத வேண்டும். அவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் அமரப்போவதில்லை. அவனுக்குப் பிள்ளையே இல்லை என்று இதைச் சிலர் புரிந்துகொண்டு, நேரியின் மகனை அவன் தத்தெடுத்தான் என்று விளக்குகிறார்கள். ஆனால் பாபிலோனில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, கி.மு. 592-ஐச் சேர்ந்த களிமண் பலகைகளில், யூதாவின் அரசனான அவனுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. ஆகவே "சந்தானமற்றவன்" என்பது அரியணைக்கு வாரிசு இல்லாதவன் என்ற பொருளிலேயே நிற்கிறது. அந்த வசனத்தின் பிற்பகுதியும் அதைத்தான் விரிக்கிறது. அரசுரிமையின் கயிறு எகோனியாவோடு அறுந்தபின், தாவீதின் வீட்டில் இன்னொரு கிளையோடு அது முடியப்பட்டிருக்கலாம் என்பதற்கு இடம் உண்டு. இரண்டு தலைமுறை கழித்து ஆகாய் 2:23 செருபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று அதே உருவகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. கழற்றப்பட்ட மோதிரம் மீண்டும் அணியப்படுகிறது. இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்கும்போது, சுவிசேஷகர் இருவரும் இந்த மனிதரை ஏன் விட்டுவிடவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

சொரொபாபேலுக்குப் பின் மத்தேயு அபியூத் வழியாகவும் லூக்கா ரேசா வழியாகவும் போகிறார்கள். நாளாகமத்தில் சொரொபாபேலின் பிள்ளைகளாகச் சொல்லப்படுபவர்களில் இந்த இரண்டு பெயர்களும் இல்லை. அங்கிருந்து யோசேப்பு வரை பழைய ஏற்பாட்டை வைத்துச் சரிபார்க்க வழியில்லை.

இப்போது யோசேப்பு. மிகப் பழைய விளக்கம் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த யூலியஸ் ஆப்ரிக்கானஸ் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றில் அதைச் சேர்த்து வைத்ததால் நமக்குக் கிடைத்தது. சாலொமோன் வழிவந்த மாத்தானும் நாத்தான் வழிவந்த மெல்கியும் ஒருவர் பின் ஒருவராக ஏஸ்தா என்ற பெண்ணை மணந்தார்கள். அவள் மாத்தானுக்கு யாக்கோபையும் மெல்கிக்கு ஏலியையும் பெற்றாள். ஏலி பிள்ளையில்லாமல் இறக்க, தாய்வழிச் சகோதரனான யாக்கோபு அவன் மனைவியை மணந்து யோசேப்பைப் பெற்றான். எனவே யோசேப்பு இரத்தவழியில் யாக்கோபின் மகன், சட்டவழியில் ஏலியின் மகன் என்கிறார். இது இயேசுவின் உறவினர் வழியாக வந்த செய்தி என்றும், இதற்கு வேறு சான்று இல்லாவிட்டாலும் இதைவிட நல்ல விளக்கம் தம்மிடம் இல்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன்.

ஆனாலும் இரண்டு தடைகள் உண்டு. நம் கையில் இருக்கும் லூக்காவில் ஏலிக்கும் மெல்கிக்கும் இடையில் மாத்தாத், லேவி என்ற இரு பெயர்கள் இருக்கின்றன. ஆப்ரிக்கானஸ் வாசித்த பிரதியில் அவை இருந்ததாகத் தெரியவில்லை. மேலும், உபாகமம் ஒரே குடும்பச் சொத்தில் கூடி வாழும் சகோதரரைப் பற்றிப் பேசுகிறது. தாய் மட்டும் ஒருத்தியாக உள்ள சகோதரர் வெவ்வேறு தகப்பன் வீட்டைச் சேர்ந்தவர்கள். லூக்காவின் மாத்தாத்தும் மத்தேயுவின் மாத்தானும் ஒருவரே என்று கொண்டு, யாக்கோபையும் ஏலியையும் உடன்பிறந்த சகோதரர் ஆக்குவோரும் உண்டு. அப்போது கொழுந்தன் கடமை எளிதாகப் பொருந்துகிறது, ஆனால் அந்த மாத்தானுக்கு இரண்டு தகப்பன்மார் வந்துவிடுகிறார்கள். முடிச்சு ஒரு தலைமுறை மேலே நகர்கிறது, அவிழ்வதில்லை.

லூக்காவின் பட்டியல் மரியாளுடையது, ஏலி மரியாளின் தகப்பன் என்ற விளக்கமே இன்று அதிகம் கேட்கப்படுவது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் விட்டர்போ ஊரைச் சேர்ந்த அன்னியுஸ் என்பவர் இதை வலியுறுத்திய பிறகே மேற்குத் திருச்சபையில் இது பரவியது. இதற்குச் சாதகமாக, "யோசேப்பின் குமாரனென்று எண்ணப்பட்டார்" என்பதை இடைச்சொற்றொடராகக் கொண்டு, இயேசுவே ஏலியின் பேரன் என்று வாசிக்கலாம் என்கிறார்கள். லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களில் மரியாள் பெறும் இடமும் இதற்குத் துணையாகிறது. ஆனால் லூக்கா தம் பட்டியலில் மரியாளின் பெயரை எழுதவே இல்லை. அதற்கு முன் இரண்டு இடங்களில் தாவீதின் வம்சத்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொல்வது யோசேப்பைத்தான். மரியாளைப் பற்றி அவர் சொல்வதோ, அவள் ஆரோனுடைய குமாரத்திகளில் ஒருத்தியான எலிசபெத்துக்கு இனத்தாள் என்பது. மரியாளும் தாவீதின் வழியில் வந்தவளாக இருக்கலாம், தொடக்கத் திருச்சபையில் அப்படி நம்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் அதை லூக்கா 3-இன் வசனங்களுக்குள் நுழைப்பது, வசனம் சொல்லாததைச் சொல்ல வைப்பதாகும். என்னிடம் படித்தவர்கள் பலருக்கு இது வருத்தம் தந்திருக்கிறது. தெரிந்தும் வலுவில்லாத சுவரில் சாய்ந்துகொள்ளச் சொல்ல என்னால் முடியாது.

மத்தேயு அரசுரிமை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதையும், லூக்கா யோசேப்பின் குடும்பம் உண்மையில் எந்தப் பிறப்பு வழியில் வந்தது என்பதையும் எழுதினார்கள் என்பது வேறொரு விளக்கம். நான் இதன் பக்கம் சாய்கிறேன். எகோனியாவிலும் நேரியிலும் நேர்ந்ததாக மேலே பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது. அரியணை ஏறாத, பெயரறியாத மனிதர் வழியாக லூக்கா ஏன் போகிறார் என்பதற்கும் காரணம் தருகிறது. ஆனால் அரசுரிமையைக் காட்டும் பட்டியல் "பெற்றான்" என்ற வினையையே ஏன் கையாள்கிறது என்ற கேள்வி நிற்கிறது. யோராம் உசியாவைப் "பெற்றான்" என்பதில் அந்தச் சொல் நேரடிப் பிறப்பைக் குறிக்கவில்லை என்பது அதற்குப் பாதி பதில். இரண்டையும் இணைக்கவே முடியாது, இருவரும் தங்களுக்குக் கிடைத்த வெவ்வேறு மரபுகளைத் தங்கள் நோக்கத்துக்கு ஏற்ப அமைத்தார்கள் என்று முடிவு செய்யும் வேத அறிஞர்களும் பலர். அவர்களுடைய முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை; ஆனால் நோக்கத்தைக் கவனியுங்கள் என்ற அவர்களுடைய வற்புறுத்தல் நியாயமானது.

ஏறக்குறைய 400-ஆம் ஆண்டைச் சேர்ந்த பேசா கையெழுத்துப் பிரதியில், லூக்காவின் பட்டியலில் தாவீதிலிருந்து யோசேப்பு வரையுள்ள பெயர்களை நீக்கிவிட்டு, மத்தேயுவின் பெயர்களையே தலைகீழாக எழுதி, மத்தேயு விட்ட அரசர்களையும் சேர்த்திருக்கிறார்கள். சிக்கலை இப்படி ஒரேயடியாகத் தீர்க்கும் வழி திருச்சபைக்குத் திறந்தே இருந்தது. மற்ற பிரதிகளை எழுதியவர்கள் அந்த வழியில் போகவில்லை. பொருந்தாத இரண்டையும் பொருந்தாதபடியே நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

நோக்கம் என்றேன். மத்தேயு கிரேக்கத்தில் 39 முறை "பெற்றான்" என்ற ஒரே வினையை அடுக்கிக்கொண்டே வருகிறார். நடுவில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று, பட்டியல் போடுகிறவர்கள் பொதுவாகச் சொல்லாத நான்கு பெண்களைக் குறிப்பிடுகிறார். யோசேப்பிடம் வந்ததும் அந்த வினை நின்றுபோகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று அவர் எழுதவில்லை. "அவளிடத்தில் கிறிஸ்து என்னப்படுகிற இயேசு பிறந்தார்" என்று வாக்கியத்தையே மாற்றுகிறார். அப்படியானால் யோசேப்பின் வம்சம் இயேசுவுக்கு எப்படி உரியதாகும்? அதே அதிகாரத்தின் கடைசி வசனம் பதில் தருகிறது: யோசேப்பு அந்தப் பிள்ளைக்கு இயேசு என்று பேரிட்டான். பேரிடுகிறவன் பிள்ளையைத் தன்னுடையதாக ஏற்கிறான். தாவீதின் வீட்டுக்குள் இயேசு வருவது அந்தப் பேரிடுதலால். இரத்தவழியல்லாத மகன்மையைத் தம் பட்டியலின் உச்சியிலேயே வைத்திருப்பவர், இடையில் எங்கும் அதற்கு இடமே இல்லாதபடி எழுதியிருப்பார் என்று நாம் வற்புறுத்துவது எப்படி?

லூக்கா பட்டியலை வைத்திருக்கும் இடம் வேறு. இயேசுவின் பிறப்பில் அல்ல, ஞானஸ்நானத்துக்குப் பின் வைக்கிறார். வானத்திலிருந்து "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் கேட்கிறது; உடனே பட்டியல் தொடங்குகிறது. தமிழில் ஒவ்வொரு பெயருக்கும் "குமாரன்" என்று வருகிறது; கிரேக்கத்திலோ அந்தச் சொல் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே வந்து, பிறகு ஏலியின், மாத்தாத்தின், லேவியின், மெல்கியின் என்று வேற்றுமை உருபு மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறது. கடைசியில் சேத்தின், ஆதாமின், தேவனின் என்று அதே உருபோடு முடிகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் இந்த இறுதி இடத்தில் மட்டும் "ஆதாம் தேவனால் உண்டானவன்" என்று மாற்றியிருப்பதால், அந்த ஓட்டம் தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போகிறது. அடுத்த அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில், நாற்பது நாள் பசியோடு இருந்தவரிடம் பிசாசு வந்து, "நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல் அப்பமாகும்படி சொல்லும்" என்கிறான். வானத்துச் சத்தத்துக்கும் வனாந்தரத்துச் சோதனைக்கும் நடுவில் லூக்கா இந்தப் பெயர்களை நிறுத்தியிருக்கிறார்.